மலைவழியும் முன்கவையும்: தேய்ந்த எண்ணெய்ச் சீலை வீட்டிலேயே மாற்றும் முறை

கண்டி மாநகரிலிருந்து எத்திசை நோக்கிப் புறப்பட்டாலும் ஒரு மலையில் ஏறியோ, ஒரு மலையினின்று இறங்கியோதான் செல்லவேண்டும். மேற்கே கடுகண்ணாவைக் கணவாய். தெற்கே கம்பளை, புசல்லாவை, இறம்பொடை ஆகிய ஊர்களைக் கடந்து நுவரெலியாவுக்கு ஏறும் நெடுவழி. கிழக்கே ஹுன்னஸ்கிரியாவிலிருந்து ஹசலக்கையை நோக்கி இறங்கும் புகழ்பெற்ற 18 வளைவுகள். இவ்வழிகளிலே நாள்தோறும் தொழிலுக்கும் கல்விக்கும் செல்வோரிற் பலருக்கு மோட்டார்ச் சைக்கிளே துணை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கைக்கு வாகனங்களை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை 2025ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்திலேதான் நீங்கிற்று. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளிலும் உள்ள வண்டியையே பேணி ஓட்ட வேண்டியதாயிற்று. ஆதலின், வயது முதிர்ந்த வண்டிகள் இன்றும் நம்மிடையே மிகப் பல.

அத்தகைய வண்டியொன்றின் முன்புறத்தை உற்று நோக்கின், பளபளக்கும் குழாயின்மீது எண்ணெயாலாகிய மெல்லிய வளையமொன்றைப் பல வேளைகளிற் காணலாம். 'சிறிது எண்ணெய்தானே' என்று துடைத்துவிட்டுச் செல்வது வழக்கம். அச்சிறு கசிவின் பொருள் யாது, அது மலைவழியில் ஏன் இடர் விளைக்கும், அதனை வீட்டு முற்றத்திலேயே எவ்வாறு சீர்செய்யலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தொடக்கத்திலேயே ஒன்று கூறிவைத்தல் நலம். சீல் என்பது கசிவு தோன்றும் இடம். பெரும்பாலும் அது கசிவின் காரணமன்று. காரணத்தை நாடாது சீலை மட்டும் மாற்றுபவர், சில கிழமைகளில் மீண்டும் அதே வேலையைச் செய்ய நேரும்.

கவையின் அமைப்பு

முன் சில்லை இருபுறமும் பற்றி நிற்கும் இரு கால்களைக் கவை எனலாம். கராஜ்களில் இதனை 'முன் சொக்' என வழங்குவர். ஒவ்வொரு காலிலும் குரோமியம் பூசிய உருக்குக் குழாயொன்று மேலிருந்து இறங்கி, அலுமினியக் கலப்புலோகத்தாலான வெளிக்குழாயொன்றினுள் வழுக்கிச் செல்கிறது. தொலைநோக்கியின் குழல்கள் ஒன்றனுள் ஒன்று அடங்குவது போன்ற அமைப்பாதலால், ஆங்கிலத்திலும் இதற்குத் தொலைநோக்கியின் பெயரே வாய்த்தது. எண்ணெயால் அதிர்வு தணிக்கப்படும் இவ்வகைக் கவையை 1935ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் தம் ஆர் 12, ஆர் 17 என்னும் வண்டிகளில் அமைத்து விற்பனைக்குக் கொணர்ந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இதுவே உலகெங்கும் பொது வழக்காயிற்று.

குழாயினுள்ளே நீண்ட சுருள்வில்லும், தணிப்புக் கோலும், எண்ணெயும் உள்ளன. சில்லு குழியில் விழுந்தெழும்போது சுருள்வில் ஒடுங்கிச் சத்தியைச் சேமிக்கிறது. சேமித்த சத்தியை அது உடனே திருப்பிக் கொடுக்க முயல்வதால், வில் மட்டும் இருப்பின் வண்டி பந்துபோலத் துள்ளிக்கொண்டேயிருக்கும். அத்துள்ளலை அடக்குவது எண்ணெயின் தொழில். தணிப்புக் கோலிலுள்ள சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்குண்டு பாயும்போது, இயக்கச் சத்தி வெப்பமாக மாறி வெளியேறுகிறது. எண்ணெய் குறைந்தால் துள்ளல் கூடும். துள்ளும் சில்லு நிலத்தை விட்டுக் கணப்பொழுது எழும். எழுந்த சில்லுக்குப் பிறேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை.

சீலின் இயல்பு

வெளிக்குழாயின் வாயிலே அமர்ந்து, உட்குழாயைச் சுற்றித் தழுவி நிற்கும் இறப்பர் வளையமே சீல். கடைகளில் 'ஒயில் சீல்' என்று கேட்டாற் கொடுப்பர். அதன் உள்விளிம்பு கத்தியின் அலகுபோல் மெலிந்தது. அவ்விளிம்பைக் குழாயோடு அணைத்து வைத்தற்கு முதுகுப்புறத்தில் நுண்ணிய கம்பிச் சுருளொன்று வளையமாக இடப்பட்டிருக்கும். அதற்கு மேலே, மழையையும் மண்ணையும் தடுப்பதற்கெனத் தூசுச் சீல் என்னும் மற்றொரு வளையம் மூடிபோல் அமையும். சீல் எண்ணெயை முற்றாக வழித்தெடுப்பதன்று என்பதை மாணாக்கர் மனத்திற் கொள்ளல் வேண்டும். கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய எண்ணெய்ப் படலமொன்றைக் குழாயின்மேல் அது விட்டுவைக்கிறது. அப்படலம் இன்றேல் விளிம்பு வறண்டு கிழிந்துவிடும்.

இவ்விறப்பரின் வகை குறித்தும் ஒரு சொல் கூறவேண்டும். 1876ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர் நாற்றுக்கள் ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்காவில் நடப்பட்டன. இலங்கையின் இறப்பர்ச் செய்கை அங்கிருந்தே கிளைத்தது. ஆயினும் நம் நாட்டு மரம் தரும் இயற்கை இறப்பர் இவ்வேலைக்கு உதவாது. அது கனிய எண்ணெயில் ஊறிப் பருத்து, மென்மையாகி, வலுவிழக்கும். ஐதரோக்காபன்களாலான எண்ணெயும், ஐதரோக்காபனேயான இயற்கை இறப்பரும் ஒத்த இயல்பின. ஒத்த பொருள்கள் ஒன்றில் ஒன்று எளிதிற் கலக்கும். 1930களில் ஜேர்மனியில் ஆக்கப்பட்ட நைத்திரைல் இறப்பரின் மூலக்கூறுகளில் மின்முனைவுடைய கூட்டங்கள் இடையிடையே அமைந்திருப்பதால், எண்ணெய் அதனுள் எளிதிற் புகாது. ஆதலின், கண்ணளவிற் பொருந்துகிறதென்று ஏதேனுமோர் இறப்பர் வளையத்தை வாங்கியிடுதல் தகாது. எண்ணெய்ச் சீலாகவே செய்யப்பட்டதைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

கசிவினால் விளையும் இடர்

எண்ணெய் குறைவதால் வரும் துள்ளலை முன்னரே கண்டோம். அதனினும் கொடியது பிறேக்குக்கு வரும் கேடு. இன்றைய வண்டிகளிற் பலவற்றில் முன் பிறேக்கின் கலிப்பர், கவையின் ஒரு காலிலேயே பொருத்தப்பட்டுள்ளது. சீலிலிருந்து கசியும் எண்ணெய் வெளிக்குழாய் வழியே இறங்கிக் கலிப்பரையும், டிஸ்க்கையும், இறுதியில் பிறேக் பாட்டையும் அடைகிறது. பாட்டின் தொழில் உராய்வு. எண்ணெயின் தொழிலோ உராய்வைக் குறைத்தல்.

மலைவழியில் இதன் பாரதூரம் எத்தகையது என்பதைச் சிறிய கணக்கொன்றால் உணரலாம். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 200 கிலோகிராம் எனக் கொள்வோம். 100 மீற்றர் உயரம் இறங்கும்போது இழக்கப்படும் நிலைச் சத்தி ஏறத்தாழ 1,96,000 யூல். அரை லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இதனிற் குறைந்த சத்தியே போதும். வேகம் கூடாதிருக்க வேண்டுமாயின், இச்சத்தியின் பெரும்பகுதியை எஞ்சினும் பிறேக்குமே ஏற்று வெப்பமாக்கி வெளியேற்றல் வேண்டும். அன்றியும், இறக்கத்தில் பிறேக்கை அழுத்துந்தோறும் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், நம்மை நிறுத்துவது பெரும்பாலும் முன் பிறேக்கே. ஹசலக்கை இறக்கத்தின் வளைவொன்றில் அது வழுக்குமாயின் என்னாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கவையின் கசிவு வசதிக் குறைவன்று. உயிரோடு தொடர்புடைய குறை.

காரணத்தை நாடல்

கசிவின் காரணங்களை ஐந்தாக வகுக்கலாம். முதலாவது, விளிம்பின் கீழ்ச் சிக்கிய மண் துகள். தோட்டப் பாதைகளிலும் மழைச் சேற்றிலும் ஓடும் வண்டிகளில் இது மிகுதி. இரண்டாவது, குழாயின் குரோமியப் பூச்சிலே துரு அரித்த சிறு குழிகளும் கல் பட்ட வடுக்களும். அவற்றின் கூர் விளிம்பு, ஒவ்வோர் அசைவிலும் சீலை அரத்தைப்போல் அராவும். மூன்றாவது, சீலின் முதுமை. ஆண்டுகள் செல்லச் செல்ல இறப்பர் இறுகி வெடிக்கும். நான்காவது, விபத்தில் வளைந்த குழாய், அல்லது தேய்ந்த உள்வளையங்கள்; இவற்றால் குழாய் நடுவில் நில்லாது ஒருபுறம் சாய்ந்து சீலை நெருக்கும். ஐந்தாவது, அளவுக்கு மிஞ்சிய எண்ணெய். எண்ணெய்க்கு மேலே அடைபட்டுள்ள காற்றின் கனவளவு குறையக் குறைய அமுக்கம் மிகும் என்பது போயிலின் விதி. எண்ணெயை அதிகமாக வார்த்தால் காற்றுக்கு இடம் சுருங்கி, கவை ஒடுங்கும்போது எழும் அமுக்கம் சீலையே வெளித்தள்ள முயலும்.

எனவே, கருவிகளை எடுக்குமுன் செய்யவேண்டியன சில உள. தூசுச் சீலை மெல்ல மேலே தூக்கி உட்புறத்தைத் துடைக்க. பின்னர்ப் பழைய எக்ஸ்றே படலத்தில் விரலகலத் துண்டொன்றை மழுங்கிய முனையுடையதாக வெட்டி, சீலுக்கும் குழாய்க்கும் இடையே செருகிச் சுற்றி வருக. சிக்கிய மண் வெளிப்படும். குழாயைத் துடைத்து, முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு கவையைப் பத்து முறை அழுத்திப் பார்க்க. இரண்டொரு நாள் ஓட்டிய பின்னும் எண்ணெய் வளையம் தோன்றாதாயின் நோய் முதற்காரணத்தோடு நின்றது. சீலை மாற்ற வேண்டுவதில்லை. தோன்றுமாயின், குழாயின்மேல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்க. நகம் தடைப்படும் இடமே சீலைத் தின்ற இடம்.

கழற்றும் முறை

வேண்டிய கருவிகள் மிகச் சிலவே: ஸ்பானர்கள், அலன் கீக்கள், சிறிய திருப்புளி, சுத்தியல், பீ.வீ.சீ. குழாய்த் துண்டொன்று, அளவுச் சாடி, துணி. வாங்கவேண்டியன: இரு கால்களுக்கும் புதிய எண்ணெய்ச் சீல்கள், தூசுச் சீல்கள், அடி ஆணிக்குரிய செம்பு வளையங்கள், கவை எண்ணெய். பழைய சீலின்மேல் 31 × 43 × 10.3 என்பதுபோல் மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகியவற்றை அவை முறையே மில்லிமீற்றரிற் குறிக்கும். அவ்வெண்களைக் காட்டியே வாங்குக. ஒரு கால் மட்டும் கசிந்தாலும் இரு கால்களிலும் மாற்றுதல் வேண்டும். இருபுறத்துத் தணிப்பும் ஒத்திருத்தல் இன்றியமையாதது.

வண்டி நிலத்தில் நிற்கும்போதே மூன்று ஆணிகளைத் தளர்த்திக்கொள்ளல் அறிவுடைமை. முதலில் மேற்கவ்வியின் இறுக்காணியைத் தளர்த்துக. அதன்பின் கவையின் உச்சி மூடியைக் காற்சுற்றளவு தளர்த்துக. கவ்வி இறுகியிருக்கும்போது மூடியைத் திருகினால் புரி கெடும். பின்னர் காலின் அடியிலுள்ள அலன் ஆணியை, அச்சு மறைக்காத அமைப்பாயின், சிறிதளவு தளர்த்துக. வண்டியின் பாரத்தால் சுருள்வில் ஒடுங்கித் தணிப்புக் கோலைப் பிடித்துக்கொள்வதால், இப்போது அது எளிதில் இணங்கும்.

அதன்பின் சமதரையில் நடு ஸ்ராண்டை இட்டு, எஞ்சினின் அடியில் உறுதியான மரக்கட்டையை வைத்து முன் சில்லை உயர்த்துக. வண்டி அசையாதபடி பின்புறத்தைக் கயிற்றாற் கட்டுக. கலிப்பரைக் கழற்றியதும் அதனை அதன் குழாயிலே தொங்கவிடலாகாது. கம்பியால் உடற்சட்டத்தில் கட்டிவைக்க. பாட்டுகளுக்கிடையே மெல்லிய மரத்துண்டொன்றைச் செருகிவைத்தால், பிறேக்கைத் தவறி அழுத்தினும் தீங்கு நேராது. சில்லு, மட்கார்ட், கீழ்க்கவ்வியின் இறுக்காணி என்னும் வரிசையில் நீக்கிய பின், காலை இடமும் வலமும் திருகியவாறு கீழ்நோக்கி இழுத்தால் அது கையோடு வரும்.

உச்சி மூடியைக் கழற்றுமிடத்து மிகுந்த விழிப்பு வேண்டும். ஒடுங்கிய சுருள்வில் அதன் கீழே காத்திருக்கிறது. முகத்தை அப்பால் வைத்து, உள்ளங்கையால் மூடியை அழுத்தியவாறே இறுதிப் புரிகளைத் திருகுக. சுருள்வில்லின் எப்பக்கம் மேலே இருந்தது என்பதைக் குறித்துவைத்துக்கொள்க. எண்ணெயைச் சாடியில் வடித்து, அதன் அளவையும் நிறத்தையும் பார்க்க. நீர் கலந்த எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கும். உலோகத் தூள் மின்னுமாயின் உள்வளையங்கள் தேய்ந்தன என்பது பெறப்படும்.

அடி ஆணியைக் கழற்றுங்கால் தணிப்புக் கோலும் உடன் சுழன்றால், முனை சீவிய துடைப்பக் கட்டையொன்றை மேலிருந்து செலுத்தி அதனை அழுத்திப் பிடிக்கலாம். தூசுச் சீலையும், அதன் கீழுள்ள கம்பி வளையத்தையும் நீக்குக. எளிய அமைப்புடைய கவைகளில் உட்குழாய் தடையின்றி வெளிவரும். பின்னர்ப் பழைய சீலைத் திருப்புளியால் நெம்பியெடுக்கலாம். நெம்பும்போது வெளிக்குழாயின் வாயில் தடித்த துணியை மடித்து வைக்க. அலுமினியத்தில் ஒரு கீறல் விழினும் புதிய சீல் கசியும். உள்வளையங்கள் கொண்ட கவைகளிலோ, உட்குழாயைச் சில முறை வெடுக்கென இழுத்தால் சீல் தானே புறப்பட்டு வரும்.

குழாயைச் சோதித்தல்

இப்பணியின் உயிர்நிலை இதுவே. குழாயைத் துடைத்து வெயிலிற் பிடித்து, சீல் ஓடும் பகுதி முழுவதையும் பார்க்க. கவ்விகளுக்கிடையே மறைந்து நிற்கும் பகுதியிற் குழிகள் இருப்பினும் தீங்கில்லை. ஓடும் பகுதியில் மிகச் சிறிய குழிகள் இருப்பின், 1500 இலக்க 'வோட்டர் பேப்பரை' எண்ணெயில் நனைத்து, அவற்றின் கூர்விளிம்பு மழுங்கும் அளவுக்கு மட்டும் தேய்க்க. குழாயின் நீளவாட்டத்தில் தேய்க்கலாகாது. நீளக் கீறல் எண்ணெய்க்கு வாய்க்கால் வெட்டியதாகும். பூச்சு உரிந்து துரு பரவியிருப்பின் எத்தேய்ப்பும் பயன் தராது. குரோமியம் மீளப் பூசுதல் அல்லது வேறு குழாய் வாங்குதலே வழி. இறுதியாக, தடித்த கண்ணாடிப் பலகையில் குழாயை உருட்டி, அடியில் ஒளி விட்டுவிட்டுத் தோன்றுகிறதா எனப் பார்க்க. தோன்றின் குழாய் வளைந்துள்ளது.

மீளப் பொருத்துதல்

உட்குழாயையும் தணிப்புக் கோலையும் வெளிக்குழாயில் இட்டு, புதிய செம்பு வளையத்துடன் அடி ஆணியைப் பூட்டுக. இவ்வாணிக்குச் சிறு வண்டிகளில் ஏறத்தாழ 20 நியூட்டன் மீற்றர் முறுக்கமே பொதுவழக்கு. மிகையாக முறுக்கின் புரி அழியும்.

பின்னர்க் குழாயின் மேல்விளிம்பில் பொலித்தீன் தாளைச் சுற்றி, அதற்கும் சீலின் விளிம்புக்கும் கவை எண்ணெய் பூசி, சீலை வழுக்கி இறக்குக. கம்பிச் சுருள் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கிக் கீழேயும், எண்கள் பொறித்த பக்கம் மேலேயும் இருத்தல் வேண்டும். தலைகீழாக இடப்பட்ட சீல் முதல் நாளே கசியும். பழைய சீலை அதன்மேல் வைத்து, குழாயைச் சூழ்ந்து நிற்கும் அளவான பீ.வீ.சீ. குழாய்த் துண்டால் சுற்றிலும் சமமாகத் தட்டுக. கம்பி வளையத்துக்குரிய பள்ளம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்வரை சீல் இறங்கினால் போதும். பழைய சீலை எடுத்துவிட்டுக் கம்பி வளையத்தையும் தூசுச் சீலையும் இடுக.

எண்ணெயின் பிசுக்குமையும் அளவும் வண்டியின் கைந்நூல் கூறும்படியே அமைதல் வேண்டும். சிறு வண்டிகளில் ஒரு காலுக்கு ஏறத்தாழ 150 முதல் 200 மில்லிலீற்றர் வரை கொள்ளும். அளந்து வார்த்தபின், உட்குழாயை மெல்ல ஏற்றியிறக்கி உள்ளிருக்கும் காற்றுக் குமிழ்களைப் போக்குக. பின்னர்ச் சுருள்வில் இன்றிக் காலை முழுவதும் ஒடுக்கி நிமிர்த்தி வைத்து, குழாயின் வாயிலிருந்து எண்ணெய் மட்டம்வரை உள்ள ஆழத்தை அளவுகோலால் அளக்க. இரு கால்களிலும் இவ்வாழம் ஒன்றேயாதல் வேண்டும்.

சில்லைப் பூட்டியபின் அச்சின் இறுக்காணியை உடனே இறுக்கலாகாது. வண்டியை நிலத்தில் இறக்கி, கவையைச் சில முறை அழுத்தி இரு கால்களும் தம்முள் ஒத்து நிற்கச் செய்த பின்னரே இறுக்குதல் முறை. இல்லையேல் கால்கள் ஒன்றையொன்று நெருக்கிப் புதிய சீலையும் தேய்க்கும். டிஸ்க்கைப் பிறேக் துப்புரவுத் திரவத்தால் துடைக்க. எண்ணெய் ஊறிய பாட்டுகளைக் காயவைத்து மீண்டும் இடுவது வீண் சிக்கனம், புதியனவே இடுக. வண்டியில் ஏறுமுன் பிறேக்கைப் பலமுறை அழுத்தி அது இறுகி நிற்பதை உறுதிசெய்து, முதலிற் சமதரையில் மெல்ல ஓட்டிச் சோதித்து, அதன்பின்னரே இறக்கத்தில் இறங்குக.

எல்லையும் பொறுப்பும்

வளைந்த குழாயை நிமிர்த்துதல், தலைகீழ் அமைப்புடைய கவைகளைப் பிரித்தல் ஆகியன வீட்டு முற்றத்து வேலைகளல்ல. அவற்றைத் தேர்ந்த தொழிலாளரிடம் ஒப்படைத்தலே முறை. எங்கே நிறுத்தவேண்டும் என்பதை அறிவதும் தொழிலறிவின் ஒரு கூறேயாம்.

வடித்த பழைய எண்ணெயைப் பற்றியும் கூறாதிருத்தல் இயலாது. அதனை வாய்க்காலில் ஊற்றுதல் எளிது. ஆனால் கண்டி வாவியின் வழிநீரை ஏந்தி நகரின் நடுவே செல்லும் மெத எல, கெட்டம்பைக்கு அருகே மகாவலி கங்கையிற் கலக்கிறது. நகர வாய்க்காலில் ஊற்றிய எண்ணெய் நாம் பருகும் ஆற்றையே நாடிச் செல்லும். மூடியுள்ள போத்தலில் அடைத்து, பழைய எண்ணெயைச் சேர்க்கும் கராஜில் ஒப்படைப்பதே குடிமக்களின் கடன்.

வேலை முடிந்தபின் வாரம் ஒருமுறை குழாயைத் துடைப்பதும், மழையில் ஓடிவந்த நாளிற் சேற்றைக் காயவிடாது கழுவுவதும், ஒருநாளும் தவறலாகாத பழக்கங்கள். சேறே துகளாகிறது, துகளே விளிம்பை அறுக்கிறது, ஈரமே துருவாகிறது, துருவே சீலைத் தின்கிறது. இவற்றைக் களைந்தவரின் வண்டியில் சீல் தன் இயல்பான முதுமைவரை உழைக்கும். களையாதவரோ, எத்துணை விலையுயர்ந்த சீலை இட்டாலும், அடுத்த மழைக்காலத்தில் அதே எண்ணெய் வளையத்தையே மீண்டும் காண்பர்.